தாமஸ் ஹார்ட் பென்டனும் அமெரிக்கப் பொதுச்சுவர்களும்

தாமஸ் ஹார்ட் பென்டன் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சுவரோவியர்களுள் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுபவர். அவர் வரைந்த பெரிய சுவரோவியங்களில் சர்ச்சைக்கு ஆளாகாதவை குறைவு. அரசியல்வாதிகளும் இடதுசாரிகளும் நவீன ஓவியர்களும் மாணவர்களும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு காரணங்களுக்காக அவரை எதிர்த்தார்கள். ஒரு நாட்டின் வரலாற்றைப் பொதுச்சுவரில் யார் வரையலாம், எதை வரையலாம், எதை மறைக்கலாம் என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கை முழுவதுமே ஒரு சான்றாக அமைந்துவிட்டது.

1889 ஏப்ரல் 15 அன்று மிசௌரி மாநிலத்தின் நியோஷோ என்ற சிற்றூரில் பென்டன் பிறந்தார். குடும்பத்தில் அரசியல் ஊறிப்போயிருந்தது. அவர் பெயரையே தாங்கிய முன்னோர் ஒருவர் மிசௌரியின் முதல் செனட்டர்களுள் ஒருவராக முப்பது ஆண்டுகள் பதவி வகித்தவர். தந்தை மெசீனஸ் பென்டன் வழக்கறிஞர். 1897 முதல் 1905 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை உறுப்பினராக இருந்தார். மகனும் சட்டம் படித்து அரசியலுக்கு வருவான் என்பது அவர் கணக்கு. பையனுக்கோ படம் வரைவதில்தான் நாட்டம். தந்தையின் பதவிக்காலத்தில் வாஷிங்டனில் வளர்ந்தபோது, புதிதாகத் திறக்கப்பட்டிருந்த காங்கிரஸ் நூலகக் கட்டடத்தின் சுவரோவியங்களை அவர் கண்டார். தந்தையின் தேர்தல் சுற்றுப்பயணங்களில் உடன்சென்று மேடைப் பேச்சு, ஊர்க் கூட்டம், பந்தல் விருந்து எல்லாவற்றையும் நேரில் பார்த்தார். பிற்காலச் சுவரோவியங்களில் கையை உயர்த்தி முழங்கும் அரசியல்வாதியும், கீழே அரைக்கவனத்தோடு நிற்கும் கூட்டமும் திரும்பத் திரும்ப வருவதற்கு அந்த இளமைப் பழக்கமே வேர்.

பதினேழு வயதில் ஜோப்ளின் நகரத்து நாளிதழ் ஒன்றில் கேலிச்சித்திரக்காரராகச் சேர்ந்ததுதான் அவருடைய முதல் வேலை. தந்தை அவரை இராணுவப் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. 1907இல் சிகாகோ கலைக் கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் சென்று ஜூலியன் கலைப்பள்ளியில் பயின்றார். அங்கே நண்பரான ஸ்டான்டன் மக்டொனால்ட் ரைட் என்ற அமெரிக்கர், வண்ணங்களை இசைச் சுரங்களைப்போல் அடுக்கி அருவ ஓவியம் படைக்க முயன்றவர். பென்டனும் சில ஆண்டுகள் அந்த வழியில் சென்றார். 1912இல் நியூயார்க்கில் குடியேறிய பிறகும் அந்தப் பாணியிலேயே வரைந்தார். பின்னாளில் நவீன ஓவியத்தின் பகைவராகப் பெயரெடுத்தவர் இளமையில் அதற்குள் முழுமையாக மூழ்கி எழுந்தவர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அருவக் கலையில் அவர் கற்ற வடிவ இலக்கணம் கடைசிவரை அவருடைய கையை விட்டுப் போகவில்லை.

திருப்பம் முதல் உலகப்போரின்போது வந்தது. 1918இல் கடற்படையில் சேர்ந்த அவருக்கு வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. எதிரியின் கண்ணை ஏமாற்ற வண்ணம் பூசப்பட்ட கப்பல்களையும் துறைமுகக் கட்டடங்களையும் பிழையின்றிப் படமாக வரைந்து தருவதே அவர் பணி. கலைக்கூடத்துச் சிக்கல்களை மறந்து, கண்ணெதிரே இருக்கும் பொருளை உள்ளபடி வரைய வேண்டியிருந்தது. அங்கே தங்கியிருந்த விடுதியில் கிடைத்த ஒரு பழைய அமெரிக்க வரலாற்று நூலும், அதன் படங்களும் அவருக்குள் ஒரு திட்டத்தை விதைத்தன. தலைவர்களின் வரலாறாக இல்லாமல், காடு திருத்தியவர், நிலம் பறிகொடுத்தவர், அடிமையாக உழைத்தவர் ஆகியோரின் வரலாறாக அமெரிக்காவை வரைய வேண்டும் என்று முடிவு செய்தார். 1920இல் தொடங்கி ‘அமெரிக்க வரலாற்றுக் காவியம்’ என்ற தொடரில் அடுத்தடுத்து பெரிய படங்களை வரைந்தார். அவற்றை மாட்டச் சுவர் தருவார் எவரும் இல்லை. சுவரே இல்லாமல் சுவரோவியராகப் பயிற்சி பெற்ற ஆண்டுகள் அவை.

1922இல் தம் மாணவியான ரீட்டா பியசென்சாவை மணந்தார். இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண். வீட்டு வரவு செலவையும் ஓவிய விற்பனையையும் அவரே கவனித்துக்கொண்டார். கணவரின் சண்டைகளால் விளைந்த இழப்புகளையும் அவரே ஈடுகட்டினார். 1924இல் தந்தை இறக்கும் தறுவாயில் பென்டன் மிசௌரிக்குத் திரும்பினார். பல ஆண்டுகளாக ஒட்டாமல் இருந்த தந்தையின் படுக்கையருகே, அவரைக் காண வந்த பழைய அரசியல் தோழர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்த நாட்கள் சொந்த மண்ணின்மீது அவருக்குப் பற்றை மீட்டுத் தந்தன. அதன்பின் ஆண்டுதோறும் குறிப்பேட்டோடு நாட்டைச் சுற்றக் கிளம்பினார். ஓசார்க் மலைக் கிராமங்கள், தென்மாநிலப் பருத்தி வயல்கள், நிலக்கரிச் சுரங்கங்கள், இரும்பாலைகள், டெக்சாஸின் எண்ணெய் ஊர்கள் எனக் கண்டதையெல்லாம் பென்சிலால் வரைந்து பின் மையால் உறுதிசெய்துகொண்டார். பிற்காலச் சுவர்களில் தோன்றும் முகங்களில் பல இந்தக் குறிப்பேடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை.

பென்டனின் வேலைமுறையை இங்கே சற்று விரிவாகக் காண வேண்டும். அதை அறியாமல் அவருடைய ஓவியம் ஏன் அப்படி நெளிகிறது என்று விளங்காது. முதலில் குறிப்பேட்டுப் படங்களைச் சேர்த்து ஒட்டுமொத்த அமைப்பைத் திட்டமிடுவார். பிறகு அந்தக் காட்சியைக் களிமண்ணில் சிறு உருவங்களாகப் பிசைந்து, முன்னும் பின்னும் நிறுத்திப் பார்ப்பார். மெழுகு பொம்மைகளை வைத்து ஒளி பாய்ச்சிப் பார்த்த வெனிஸ் ஓவியர் டின்டொரெட்டோவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட உத்தி இது. களிமண் மாதிரியில் ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே தேங்குகிறது என்று கண்டபின் வண்ணத்தில் சிறு படம் தீட்டுவார். அதன்மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிய பரப்புக்கு மாற்றுவார். ஒவ்வொரு முக்கிய உருவத்துக்கும் உயிருள்ள மனிதரை நிறுத்தி மீண்டும் வரைவார். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் வரைந்த மெக்சிகோ ஓவியர்களின் முறையை அவர் ஏற்கவில்லை. பலகையில் துணி ஒட்டி, வெள்ளைப் பூச்சுக் கொடுத்து, முட்டை மஞ்சள் கருவில் குழைத்த நிறப்பொடியால் தீட்டினார். டெம்பரா எனப்படும் இந்த வண்ணம் விரைவில் உலரும். தெளிவான விளிம்பும் பளிச்சென்ற நிறமும் தரும். பலகைமேல் வரைந்ததால் அவருடைய ஓவியங்களைச் சுவரிலிருந்து கழற்ற முடிந்தது. பல தடவை இடம் மாறியும் அவை அழியாமல் தப்பியதற்கு இந்தத் தொழில்நுட்பத் தேர்வே காரணம்.

உருவங்களைக் கோப்பதற்கும் அவரிடம் ஒரு கோட்பாடு இருந்தது. 1926, 1927 ஆண்டுகளில் ஓவிய வடிவ அமைப்பின் இயக்கவியல் பற்றிக் கட்டுரைத் தொடர் எழுதினார். மேடும் பள்ளமுமாக மாறி மாறி வரும் வடிவங்களை, கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்டச்சைச் சுற்றிச் சுழல விட வேண்டும் என்பது அதன் சாரம். மைக்கலாஞ்சலோ, எல் கிரெக்கோ ஆகியோரிடமிருந்து அவர் பிரித்தெடுத்த பாடம் அது. அதனால்தான் அவர் வரைந்த உழவனின் முதுகும் புகைவண்டியின் புகையும் மலைச்சரிவும் ஒரே அலையாக ஓடுகின்றன. இந்தப் பாடத்தை நியூயார்க்கின் கலை மாணவர் கழகத்தில் 1926 முதல் 1935 வரை கற்பித்தார். 1930இல் அங்கே சேர்ந்த மாணவர்களுள் ஒருவர் ஜாக்சன் பொல்லாக்.

அவருக்கு முதல் உண்மையான சுவர் 1930இல் கிடைத்தது. நியூயார்க்கின் சமூக ஆய்வுக்கான புதிய பள்ளி, கட்டடக் கலைஞர் யோசப் உர்பன் வடிவமைத்த புதிய கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்தது. அதன் இயக்குநர் ஆல்வின் ஜான்சனிடம் ஓவியருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. கூலி வேண்டாம், வண்ணம் குழைக்க முட்டை வாங்கித் தந்தால் போதும் என்று பென்டன் ஒப்புக்கொண்டார். அதே கட்டடத்தின் வேறொரு அறையில் மெக்சிகோவின் ஹோசே கிளமென்டே ஒரோஸ்கோ தம் சுவரோவியத்தைத் தீட்டினார். பென்டனுக்குக் கிடைத்தது ஒரு கூட்ட அறை. அதன் நான்கு சுவர்களிலும் ‘இன்றைய அமெரிக்கா’ என்ற பெயரில் பத்துப் பலகைகளை 1931க்குள் முடித்தார்.

‘இன்றைய அமெரிக்கா’வில் வரலாற்றுக் காவியத்தின் பழமை இல்லை, 1920களின் நாடே அதில் ஓடுகிறது. விமானமும் இரயில் எஞ்சினும் அணைக்கட்டும் பாயும் ஆற்றல் பலகை நடுவே நிற்கிறது. தெற்கில் கறுப்பின உழைப்பாளி பருத்தியை நீராவிக் கப்பலுக்குச் சுமக்கிறார். மேற்கில் எண்ணெய்க் கிணறுகள் புகை கக்குகின்றன. நிலக்கரிப் பலகையில் கூன் விழுந்த தொழிலாளி. இரும்புப் பலகையில் உருக்கு உலையின் வெக்கை. அந்த இரும்புத் தொழிலாளிக்கு உடல் தந்து நின்றவர் மாணவர் பொல்லாக். நகரப் பலகைகளில் நடன விடுதி, குத்துச்சண்டை மேடை, சுரங்க இரயில், திரைப்படக் கொட்டகை, மதப் பிரச்சாரக் கூட்டம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மோதுகின்றன. எழுத்தாளர் மாக்ஸ் ஈஸ்ட்மன் சுரங்க இரயிலில் உட்கார்ந்திருக்கிறார். ரீட்டாவும் சிறுவனான மகனும் ஒரு மூலையில் இருக்கிறார்கள். இன்னொரு மூலையில் பென்டன் தூரிகையோடு ஜான்சனுடன் கோப்பையை மோதிக்கொள்கிறார். காட்சிகளைப் பிரிக்க அலுமினியத் தகடு ஒட்டிய மரச்சட்டங்களைப் படத்துக்குள்ளேயே வளைத்தும் உடைத்தும் பொருத்தியிருக்கிறார். செய்தித்தாளின் பக்கத்தில் படங்களை அடுக்கும் உத்தி அது. வேலை நடந்துகொண்டிருந்தபோதே பொருளாதார மந்தம் முற்றியது. கதவின் மேல் வைத்த கடைசிச் சிறு பலகையில் ரொட்டிக்காக நீளும் கைகளும் பணத்தைப் பற்றிய கைகளும் மட்டும் உள்ளன. செழிப்பின் கொண்டாட்டமாகத் தொடங்கிய படம் பசியோடு முடிந்தது. அந்த நேர்மையே இந்தச் சுவரோவியத்தை அவருடைய படைப்புகளுள் முதலிடத்தில் நிறுத்துகிறது.

1932இல் விட்னி அருங்காட்சியகத்தின் நூலக அறைக்கு ‘அமெரிக்க வாழ்வின் கலைகள்’ என்ற தொகுதியை வரைந்தார். கலை என்றால் அருங்காட்சியகப் பொருள் என்ற எண்ணத்துக்கு எதிராக, குதிரை அடக்குதல், பிடில் வாசிப்பு, தேவாலயப் பாட்டு, சீட்டாட்டம் இவையெல்லாம் மக்களின் கலைகளே என்று அதில் காட்டினார். இடதுசாரி இதழ்களையும் அரசியல் பசப்பையும் சாடும் ஒரு பகுதியும் அதில் இருந்தது. முன்னாள் இடதுசாரித் தோழர்களோடு முறிவு அங்கிருந்து வெளிப்படையானது. விட்னி இடம் மாறும்போது இந்த ஓவியங்கள் வேண்டாதவையாகிவிட்டன. 1953இல் கனெக்டிகட்டின் நியூ பிரிட்டன் அருங்காட்சியகம் அவற்றை வெறும் 500 டாலருக்கு வாங்கியது. பென்டனின் மதிப்பு அந்நாளில் எவ்வளவு சரிந்திருந்தது என்பதற்கு அந்த விலை போதும்.

அடுத்து வந்தது இண்டியானா. 1933இல் சிகாகோவில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சியில் இண்டியானா மாநிலத்தின் அரங்குக்காக, அந்த மாநிலத்தின் சமூக வரலாறு முழுவதையும் வரையும் பணி அவருக்குக் கிடைத்தது. சுமார் ஆறு மாதத்துக்குள் 12 அடி உயரமுள்ள 22 பலகைகளை முடித்தார். ஒரு பக்கம் தொழிலின் வரலாறு, எதிர்ப்பக்கம் பண்பாட்டின் வரலாறு. பூர்வகுடிகள் எழுப்பிய மண்மேடுகளில் தொடங்கி, பிரெஞ்சு வணிகர், குடியேறிய உழவர், உள்நாட்டுப் போர், இரயில், எஃகு ஆலை, வேலைநிறுத்தம் எனப் பார்வையாளரைத் தலைக்கு மேல் சூழ்ந்து ஓடியது அந்த வரலாறு.

அதில் ஒரு பலகையில் கூ கிளக்ஸ் கிளான் இருந்தது. 1920களில் இந்த வெள்ளை நிறவெறி அமைப்பு இண்டியானாவின் அரசியலையே கைக்குள் வைத்திருந்தது. அதன் மாநிலத் தலைவர் டி. சி. ஸ்டீவன்சன் 1925இல் கொலைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்ட பிறகே அதன் பிடி தளர்ந்தது. ஊழலை அம்பலப்படுத்திய இண்டியானாபோலிஸ் டைம்ஸ் நாளிதழுக்கு 1928இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. பத்தாண்டுகூட ஆகாத அந்த வெட்கத்தை மாநில அரசின் சொந்தச் செலவில் வரையலாமா என்று அரசியல்வாதிகள் எதிர்த்தார்கள். நடந்தது வரலாறு, அதை விட்டுவிட்டு வரைய முடியாது என்று பென்டன் நின்றார். பலகையை உற்றுப் பார்த்தால் அவருடைய கருத்து தெளிவாகவே இருக்கிறது. முகமூடி அணிந்தவர்களும் எரியும் சிலுவையும் பின்னணியில் சிறிதாக இருக்கின்றன. முன்னே செய்தியாளரும் அச்சுத் தொழிலாளியும் புகைப்படக்காரரும் வேலை செய்கிறார்கள். ஒரு வெள்ளைச் செவிலி கறுப்பினக் குழந்தையையும் வெள்ளைக் குழந்தையையும் ஒரே கூடத்தில் பேணுகிறார்.

கண்காட்சி முடிந்ததும் பலகைகள் மாநிலச் சந்தைத் திடலின் குதிரைக் கொட்டகையில் போடப்பட்டன. இண்டியானா பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹெர்மன் வெல்ஸ் அவற்றை மீட்டு, 1941இல் திறக்கப்பட்ட பல்கலைக்கழக அரங்கிலும் வேறு கட்டடங்களிலும் பொருத்தினார். கிளான் பலகை உட்பர்ன் கூடத்தின் ஒரு பெரிய வகுப்பறைக்குப் போயிற்று. அங்கேதான் சிக்கல் புது வடிவம் எடுத்தது. கண்காட்சிக்கு வந்தவர் தொடக்கத்திலிருந்து நடந்து பார்த்த வரலாற்றின் ஒரு பகுதியாக அந்தக் காட்சியைக் கண்டார். வகுப்பறையில் அமர்ந்த கறுப்பின மாணவர் வாரந்தோறும் எரியும் சிலுவையின் கீழ் பாடம் கேட்க வேண்டியிருந்தது. எதிர்ப்புப் பல பத்தாண்டுகள் நீடித்தது. 2017இல், படத்தை அங்கேயே வைத்து, அந்த அறையை வகுப்பறையாகப் பயன்படுத்துவதை நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. பென்டனின் நோக்கம் நல்லதே. மாணவர்களின் மனவருத்தமும் நியாயமானதே. ஓவியத்தின் பொருளில் ஒரு பாதியை அது மாட்டப்படும் இடம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அமெரிக்கச் சுவரோவிய வரலாற்றில் இல்லை.

1934 டிசம்பர் 24 தேதியிட்ட டைம் இதழின் அட்டையில் பென்டனின் தன்னுருவப் படம் வந்தது. அயோவாவின் கிரான்ட் வுட், கான்சஸின் ஜான் ஸ்டூவர்ட் கரி ஆகியோரோடு சேர்த்து அவரை வட்டார ஓவியத்தின் தலைவராக அந்த இதழ் முன்னிறுத்தியது. ஐரோப்பிய மோகத்தை விட்டு மண்ணின் கலைக்குத் திரும்பியவர்கள் என்ற இந்தப் பட்டம் புகழையும் பகையையும் ஒருசேரக் கொண்டுவந்தது. நவீன ஓவியர் ஸ்டூவர்ட் டேவிஸ், பென்டன் கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக்குகிறார் என்றும் குறுகிய தேசவெறியைப் பரப்புகிறார் என்றும் கடுமையாகத் தாக்கினார். குற்றச்சாட்டின் முதற்பகுதியை முற்றிலும் தள்ளிவிட முடியாது. பென்டன் எல்லாரையும் நீட்டி வளைத்துத்தான் வரைந்தார். ஆனால் ஏற்கெனவே இழிவான சித்திரங்களால் புண்பட்ட மக்களுக்கு அந்த மிகைப்படுத்தல் வேறுவிதமாகப் பட்டது. அதே சமயம், அடிமைமுறையின் கொடுமையை மாநிலச் சட்டமன்றச் சுவரில் வரையத் துணிந்த வெள்ளை ஓவியர் அக்காலத்தில் அரிது என்பதும் உண்மை.

நியூயார்க் சண்டைகளில் சலித்து 1935இல் அவர் மிசௌரியின் கான்சஸ் சிட்டிக்குக் குடிபெயர்ந்தார். அங்குள்ள கலைக் கழகத்தின் ஓவியத் துறையை ஏற்றார். மிசௌரிச் சட்டமன்றம் 16,000 டாலர் சம்பளத்தில் ஜெபர்சன் சிட்டியிலுள்ள தன் கட்டடத்தின் உறுப்பினர் ஓய்வறையை வரைய அவரை அழைத்தது. மாநிலம் முழுதும் சுற்றி உழவர், தொழிலாளி, நீதிபதி, கட்சிக்காரர் எனப் பலரையும் வரைந்து சேர்த்துக்கொண்டு 1936 முடிவில் ‘மிசௌரி மாநிலத்தின் சமூக வரலாறு’ என்ற சுவரோவியத்தை நிறைவுசெய்தார்.

உறுப்பினர்கள் உள்ளே வந்து பார்த்துத் திகைத்தார்கள். மாநிலத்தின் மாவீரர்களும் மாமனிதர்களும் அங்கே இல்லை. கதவுகளின் மேல் மார்க் ட்வெய்னின் ஹக் பின்னும் ஜிம்மும், இரயில் கொள்ளையன் ஜெசி ஜேம்சும், நாட்டுப்பாடலில் வரும் பிராங்கி தன் காதலன் ஜானியைச் சுடும் காட்சியும் இருந்தன. சுவர்களில் ஒரு வணிகன் பூர்வகுடியினருக்கு மதுவைக் கொடுத்துத் தோலைப் பெறுகிறான். அடிமையின் முதுகில் சவுக்கு விழுகிறது. மார்மன் மதத்தினர் விரட்டப்படுகிறார்கள். அரசியல் கூட்டத்தில் தலைவர் முழங்க, ஒரு தாய் குழந்தையின் துணியை மாற்றுகிறார். கான்சஸ் சிட்டியை ஆட்டிப்படைத்த கட்சிப் பெரும்புள்ளி டாம் பென்டர்காஸ்ட் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். வெள்ளையடித்து மறைத்துவிட வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. பென்டன் ஊர் ஊராகச் சென்று கூட்டங்களில் கேள்விகளுக்கு நேரே பதில் சொன்னார். அரசியல்வாதி மகனின் பேச்சுத்திறன் அப்போது கைகொடுத்தது. படம் பிழைத்தது. அண்டை மாநிலமான கான்சஸில் ஓவியர் கரிக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. சட்டமன்றக் கட்டடத்தில் அவர் திட்டமிட்ட பணிக்குத் தடை போட்டதால், முடித்த படங்களில்கூடக் கையெழுத்திடாமல் வெளியேறினார். மிசௌரி ஓய்வறையின் ஓவியம் எந்த இடத்துக்காக வரையப்பட்டதோ அங்கேயே இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகள் ஏற்ற இறக்கமானவை. 1937இல் தன்வரலாற்று நூலை வெளியிட்டார். கிரேக்கத் தொன்மத்தின் பெர்செபோனையும் விவிலியத்துச் சூசன்னாவையும் மிசௌரி நாட்டுப்புறத்து நிர்வாணப் பெண்களாக வரைந்தது பெரும் சலசலப்பைக் கிளப்பியது. 1941இல் அருங்காட்சியகங்களை நடத்துவோரை ஒருபாலீர்ப்பினர் என்று இழிவுபடுத்தி நியூயார்க் செய்தியாளர்களிடம் பேசினார். கான்சஸ் சிட்டிக் கலைக் கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. சட்டமன்றத்தில் காட்டிய துணிவோடு இந்தப் பேச்சைச் சேர்த்து எண்ண முடியாது. அது வெறும் வெறுப்பு, அவர் பெயருக்கு நிலைத்த களங்கம். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் ‘ஆபத்து ஆண்டு’ என்ற தலைப்பில் அவர் வரைந்த போர்ப் பிரச்சார ஓவியங்கள் அரசின் மூலம் நாடெங்கும் பரப்பப்பட்டன. கொடூரத்தைக் காட்டும் அவசரத்தில் கலை பின்னுக்குப் போன படங்கள் அவை.

போர் முடிந்தபோது காற்று திசை மாறியிருந்தது. வுட் 1942இலும் கரி 1946இலும் இறந்துவிட்டனர். கலை வரலாற்றாசிரியர் எச். டபிள்யூ. ஜேன்சன் வட்டார ஓவியத்தை நாஜிகளின் கலையோடு ஒப்பிட்டு எழுதினார். பென்டனின் பழைய மாணவர் பொல்லாக் உருவத்தையே கைவிட்டுப் புதிய அருவ ஓவியத்தின் நாயகரானார். ஆசிரியரை எதிர்த்தே தாம் வளர்ந்ததாகப் பொல்லாக் கூறிவந்தார். ஆனாலும் 1943இல் கலைப் புரவலர் பெக்கி குகன்ஹைமின் வீட்டுக்காக அவர் தீட்டிய 20 அடி நீளத் துணியில் நட்டச்சுகளைச் சுற்றி அலையும் கோடுகள் பென்டனின் வகுப்பறைப் பாடத்தை அப்படியே நினைவூட்டுகின்றன. உருவங்களை அகற்றிவிட்டு அலையை மட்டும் வைத்துக்கொண்டார் மாணவர்.

பென்டன் தம் வழியிலேயே தொடர்ந்தார். 1947இல் கான்சஸ் சிட்டியின் ஒரு துணிக்கடைக்காக 22 அடி நீளத்தில் ‘அகெலௌசும் ஹெர்குலிசும்’ வரைந்தார். காளை வடிவில் வந்த ஆற்றுத் தெய்வத்தின் கொம்பை ஹெர்குலிஸ் முறித்த கதையை, மிசௌரி ஆற்றின் வெள்ளத்தை அடக்கும் முயற்சிக்குப் பொருத்திய படம். இன்று அது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. 1955இல், உள்நாட்டுப் போரில் போரிட்ட கறுப்பினப் படைவீரர்கள் நிறுவிய லிங்கன் பல்கலைக்கழகத்துக்கு ஆபிரகாம் லிங்கனை வரைந்தார். நியூயார்க் மாநில மின்வாரியத்துக்காக ஜாக் கார்ட்டியே பூர்வகுடிகளைச் சந்தித்ததையும், பாதிரியார் ஹென்னப்பின் நயாகரா அருவியைக் கண்டதையும் தீட்டினார்.

இன்டிபென்டன்ஸ் நகரிலுள்ள ஹாரி ட்ரூமன் நூலகச் சுவர் இவற்றுள் பெரியது. ட்ரூமன் அரசியலில் பென்டர்காஸ்டின் ஆதரவோடு மேலே வந்தவர். மிசௌரிச் சுவரோவியத்தால் பென்டன்மேல் அவருக்குக் கோபம் இருந்தது. நேரில் பழகியதும் இருவரும் நண்பர்களாயினர். முன்னாள் குடியரசுத் தலைவர் சாரத்தில் ஏறி, வானத்தின் நீலத்தில் சில தீற்றல்களைத் தம் கையாலேயே இட்டார். 1961இல் முடிந்த ‘இன்டிபென்டன்சும் மேற்கின் திறப்பும்’ என்ற அந்தப் படத்தில் ட்ரூமனின் உருவம் இல்லை. பூர்வகுடிகள், வணிகர், வேட்டைக்காரர், கொல்லர், மாட்டுவண்டிக் குடும்பங்கள் ஆகியோரே அதை நிரப்புகிறார்கள். வேலைப்பாடு தேர்ந்தது, இண்டியானாவின் கூர்மை மட்டும் இல்லை. பின்னாளைய சுவர்கள் பலவற்றுக்கும் இதே குறை உண்டு. புரவலரின் மனம் நோகாத வரலாற்றுக் காட்சிகளாக அவை அடங்கிவிட்டன.

கடைசிப் பணி அவருக்கு மிக நெருக்கமான பொருளைப் பற்றியது. நாட்டுப்புற இசையில் அவருக்குத் தீராத ஆர்வம். மவுத்தார்கன் வாசிப்பார், இசைக்குறி தெரியாதவர்களுக்காகத் தாமே ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார், வீட்டுச் சனிக்கிழமைக் கச்சேரிகளை வைத்து டெக்கா நிறுவனம் இசைத்தட்டே வெளியிட்டது. 1973இல் நாஷ்வில்லின் நாட்டுப்புற இசைப் புகழ்மண்டபம் அவரை அழைத்தது. பிடில்காரர்கள், டல்சிமர் மீட்டும் பெண்கள், தேவாலயப் பாடகர்கள், பாஞ்சோ வாசிக்கும் கறுப்பினக் கலைஞர், பாடும் மாட்டுக்காரர் என இசையின் ஊற்றுகளை ஒரே பலகையில் சேர்த்தார். 1975 ஜனவரி 19 அன்று, 85ஆம் வயதில், கான்சஸ் சிட்டியிலுள்ள தம் பணிக்கூடத்தில் இறந்தார். படம் முடிந்திருந்தது, கையெழுத்து இடப்படவில்லை. ரீட்டாவும் அதே ஆண்டு காலமானார்.

‘இன்றைய அமெரிக்கா’வின் பயணம் அவர் இறந்த பிறகும் நீண்டது. பராமரிக்க இயலாத புதிய பள்ளி 1982இல் அதைக் கலை வணிகர் ஒருவருக்கு விற்றது. பத்துப் பலகைகளும் தனித்தனியாகச் சிதறிவிடும் நிலை. நியூயார்க் நகரில் அதைத் தக்கவைக்க வேண்டும் என்ற முயற்சியால் 1984இல் ஈக்விட்டபிள் காப்பீட்டு நிறுவனம் முழுத் தொகுதியையும் வாங்கித் தன் தலைமையகத்தின் முன்கூடத்தில் வைத்தது. அதன் வழிவந்த அக்சா நிறுவனம் 2012 டிசம்பரில் அதை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடையளித்தது. 2014இல் பழைய கூட்ட அறையின் அளவையே அமைத்து அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தபோது, எண்பது ஆண்டுகளுக்கு முன் பென்டன் நினைத்தபடி நான்கு பக்கமும் சூழப் பார்க்க முடிந்தது.

அவரைப் பற்றிய மதிப்பீடு இன்றும் ஒருமுகப்படவில்லை. வட்டார ஓவியம் என்ற பட்டத்துக்குள் அவரை அடைத்துப் பார்ப்பது அவருக்கு இழைக்கும் அநீதி. அவருடைய பேச்சில் இருந்த வெறுப்பை ஓவியப் புகழால் மூடுவதும் சரியாகாது. நியூயார்க், இண்டியானா, மிசௌரி ஆகிய மூன்று இடங்களில் 1930 முதல் 1936 வரை அவர் வரைந்தவையே அவருடைய இடத்தை நிலைநாட்டுகின்றன. சுவர் தந்தவர்களுக்கு உவப்பான வரலாற்றை எழுதாமல், உழைத்தவரின் முதுகையும் அடித்தவரின் கையையும் ஒரே சுவரில் வைத்த ஆறு ஆண்டுகள் அவை. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் சுவரோவியம் அந்த மூன்று சுவர்களுக்கு மேல் உயர்ந்ததில்லை.